குழந்தையும் பல் டாக்டரும்: பெற்றோர் கேள்விகளுக்குக் குழந்தைப் பல் மருத்துவர் பதில்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. சாப்பிட அடம் பிடித்தால், "பல் டாக்டர்கிட்ட கூட்டிப் போய் ஊசி போடச் சொல்றேன்" என்று மாமியார் மிரட்டுவார். அடுத்த வாரம் நிஜமாகவே போகவேண்டும். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அந்த மிரட்டல் இன்றோடு நிற்கட்டும். என்னிடம் வந்து அழும் பல குழந்தைகளுக்குப் பயம் வீட்டிலேயே தொடங்கியிருக்கிறது. ஆனால் பாட்டியைக் குறை சொல்லாதீர்கள், அவரையே துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஈஸிசேரில் சாய்ந்து வாயைத் திறக்கட்டும். மகள் கையில் ஒரு டார்ச் கொடுத்துப் பாட்டியின் பல்லை எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் மகள் படுத்துக்கொள்ள, பாட்டி எண்ணட்டும். நாலைந்து நாள் இப்படி விளையாடினால், என் அறையில் நடப்பது அவளுக்குப் பழகிய விளையாட்டாகிவிடும். டாக்டரிடம் போகிறோம் என்பதை முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் இந்த வயதுக்குழந்தை அதையே நினைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: "கொஞ்சம்கூட வலிக்காது, பயப்படாதே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தோம். பையன் இன்னும் அதிகமாக அழுதான். ஏன்?

பதில்: அதுவரை அவன் வலியைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டான். அந்த வார்த்தையைக் கேட்டதும் யோசித்திருப்பான். அதோடு, லேசாகச் சுருக்கென்று பட்டால்கூட நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும். "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார், கழுவி விடுவார்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதைச் சொல்வது என் வேலை.

1959-இல் அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிவைத்த முறை ஒன்று இருக்கிறது: சொல், காட்டு, செய். இன்றும் நாங்கள் அதைத்தான் பின்பற்றுகிறோம். சுழலும் பிரஷை முதலில் குழந்தையின் விரல் நகத்தில் வைத்துக் காட்டுவேன். கூச்சத்தில் சிரிக்கும். எச்சிலை உறிஞ்சும் குழாயை டம்ளர் தண்ணீரில் விட்டு, அதன் சத்தத்தைக் கேட்க வைப்பேன். அதன் பிறகுதான் வாய். "இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன்" என்றும் சொல்லிவிடுவேன். சொன்னபடி நிறுத்தியே ஆகவேண்டும். ஒரு பையன் முதல் நாள் பதினோரு முறை கை தூக்கினான், பதினோரு முறையும் நிறுத்தினேன். அடுத்த தடவை இரண்டே முறைதான் தூக்கினான்.

கேள்வி: முதல் தடவை எப்போது கூட்டி வரவேண்டும்?

பதில்: முதல் பல் முளைத்து ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள். அந்த வயதில் சேர்கூடத் தேவையில்லை. அம்மாவும் நானும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருவோம், குழந்தை அம்மாவைப் பார்த்தபடி என் மடியில் தலை சாய்க்கும். ஒரு நிமிட வேலை. வலி வந்த பிறகுதான் முதல் தடவை வருகிறார்கள் என்றால், குழந்தைக்கு அந்த வலியும் என் முகமும் சேர்ந்தே நினைவில் நிற்கும். அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது. சொத்தைக்காகக் குழந்தையை ஏன் படுத்தவேண்டும்?

பதில்: முன்பல் ஆறேழு வயதில் விழுந்துவிடும். ஆனால் கடைவாய்ப் பால் பல் 10 முதல் 12 வயது வரை இருக்கவேண்டியது. ஐந்து வயதில் சொத்தையானால் இன்னும் ஐந்தாறு வருடம் அதை வைத்துத்தான் மெல்லவேண்டும். சீக்கிரம் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். ஆரம்பச் சொத்தை என்றால் டிரில்லே வேண்டாம். சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவியே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், அதை முன்பே தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஆட்டிசம். சத்தமும் வெளிச்சமும் ஆகாது.

பதில்: போனிலேயே இதைச் சொல்லி, கூட்டமில்லாத காலை நேரம் கேளுங்கள். கூலிங் கிளாஸ், காதை மூடும் ஹெட்போன், அவன் பிடித்துக்கொண்டு தூங்கும் துண்டு, எல்லாம் கொண்டுவாருங்கள். முதல் நாள் சேரில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். எங்கள் அறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் வீட்டில் தினமும் காட்டுங்கள். நாலு தடவை வரவேண்டியிருந்தாலும் வாருங்கள். அவசரப்படுத்தும் டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கே பல் டாக்டர் என்றால் நடுக்கம். நான் உள்ளே வரலாமா?

பதில்: உங்கள் கை நடுங்கினால் குழந்தைக்குத் தெரிந்துவிடும். அப்பாவோ சித்தியோ, பதறாதவர் யாரோ அவர் வரட்டும்.

கேள்வி: ஊசி போட்டுப் பல் எடுத்தார்கள், மகள் அழவே இல்லை. வீட்டுக்கு வந்தபின் உதடு வீங்கி வெள்ளையாக இருக்கிறது. சீழா?

பதில்: பெரும்பாலும் அவளே கடித்த புண்தான். மரத்துப்போன உதடு வேடிக்கையாக இருப்பதால் குழந்தைகள் மென்றுவிடுவார்கள். அந்த வெள்ளைப் படலத்தைத் துடைத்து எடுக்காதீர்கள், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறும். காரம் மட்டும் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் கூடினாலோ உடனே காட்டுங்கள். அடுத்த தடவை மரமரப்பு போகும்வரை, இரண்டு மூன்று மணி நேரம், சாப்பிட எதுவும் கொடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள்.