வாசகர் கேள்வி – பதில்: கயிற்றை இழுத்தும் கொடி விரியவில்லையே, ஏன்?

கேள்வி: போன ஜனவரி 26 அன்று எங்கள் குடியிருப்பில் சிறப்பு விருந்தினர் எத்தனை முறை இழுத்தும் கொடி விரியவில்லை. கடைசியில் ஏணி வைத்து ஏற வேண்டியதாயிற்று. எங்கே தவறு?
– நலச்சங்கச் செயலாளர், மதுரை

பதில்: பெரும்பாலும் முடிச்சில்தான். கம்பத்தில் ஓடுவது ஒரே கயிறு. அதன் ஒரு நுனி கொடியின் மேல்முனையிலும் மறு நுனி கீழ்முனையிலும் கட்டப்படுகிறது. கொடியைச் சுருட்டிய பிறகு, கீழ்முனையிலிருந்து வரும் கயிற்றைச் சுருளின் மேல் ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். மிச்சக் கயிற்றை இரண்டாக மடித்து, அந்த மடிப்பை மட்டும் சுற்றுக்குள் செருகுங்கள். இப்படிச் செய்தால் கீழிருந்து ஒரு வெட்டு இழுப்பில் மடிப்பு உருவிக்கொண்டு வந்துவிடும். நுனியையே உள்ளே நுழைத்து எடுத்தால் அது சாதாரண முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். உங்கள் இடத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று சுற்று சுற்றினாலும் இதே கதிதான்.

சுருளை உச்சிக்கு ஏற்றும்போது கீழ்க்கயிறு தளர்வாக இருக்க வேண்டும். யாராவது அதைப் பிடித்து நிறுத்தினால் பாதிக் கம்பத்திலேயே அவிழும். உச்சியை அடைந்ததும் மேல்கயிற்றைக் கம்பத்துக் கொக்கியில் இறுகக் கட்டிவிடுங்கள். இதை மறந்துவிட்டு விருந்தினரை இழுக்கச் சொன்னால் கொடி விரியாமல் சுருளோடு கீழே இறங்கும்.

அடுத்தது பூ. குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் கொடிக்குள் இதழ் வைப்பதைக் கொடி விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் ஒரு கைப்பிடி உதிரி இதழ் போதும். கடையில் தண்ணீர் தெளித்து வைத்த பூவை அப்படியே வைத்தால் துணி ஈரமாகி ஒட்டிக்கொள்ளும், கறையும் படியும். தாளில் பரப்பி உலர்த்திவிட்டு, அன்று காலையில் வையுங்கள். தொடுத்த பூச்சரம் வேண்டவே வேண்டாம்.

கப்பியையும் பாருங்கள். கயிறு பள்ளத்திலிருந்து நழுவிப் பக்கவாட்டில் சிக்கியிருந்தால் எந்த முடிச்சும் உதவாது. கயிற்றின் நீளம் கம்பத்தின் உயரத்தைப்போல் இரு மடங்குக்குச் சற்று அதிகம் இருக்கட்டும். 20 அடிக் கம்பத்துக்கு 45 அடி. முந்தைய நாள் மாலையே ஒரு வெற்றுத் துணியைச் சுருட்டிக் கட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். கொடி தலைகீழாகப் பறப்பதைத் தவிர்க்கவும் அதுவே நேரம்: காவி நிறம் வரவேண்டிய கயிற்று நுனியில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டிலும் கொடியேற்றும் முறை ஒன்றுதானா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: இல்லை. ஆகஸ்ட் 15 அன்று டெல்லி செங்கோட்டையில் பிரதமர் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறார். ஜனவரி 26 அன்று கொடி ஏற்கெனவே உச்சியில் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும்; குடியரசுத் தலைவர் அதை அவிழ்த்துப் பறக்க விடுகிறார். ஒரு நாடு விடுதலை பெற்றதற்கும், விடுதலை பெற்ற நாடு குடியரசானதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது. மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். சென்னைக் கோட்டையில் சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் கொடியேற்றும் வழக்கம் 1974-இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தொடங்கியது. குடியரசு தினத்தில் ஆளுநர் ஏற்றுகிறார்.

பள்ளியில் எந்த முறையில் ஏற்றினாலும், கொடி பறந்ததும் நாட்டுப்பண். பாடும் நேரம் 52 விநாடி. ஒலிபெருக்கியில் போடுவதைவிட மாணவர்கள் பாடுவதே நல்லது. தமிழ்த்தாய் வாழ்த்தை நிகழ்ச்சித் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் கொடி கட்டலாமா? இரவில் இறக்கிவிட வேண்டுமா?
– இல்லத்தரசி, சென்னை

பதில்: தாராளமாகக் கட்டலாம். 2022 ஜூலையில் செய்த திருத்தத்துக்குப் பிறகு வீட்டில் இரவும் பகலும் பறக்கலாம். கைப்பிடிக் கம்பியில் சாய்வாகக் கம்பு கட்டினால் காவி, கம்பின் வெளிநுனிப் பக்கம் வர வேண்டும். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால், எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி. பலர் தவறுவது இங்கேதான். நீள அகலம் 3:2 விகிதம். கடையில் சில நேரம் சதுரமாகத் தைத்து விற்கிறார்கள், வாங்காதீர்கள். கிழிந்தது, கசங்கியது கூடாது. மழையில் நனைந்தால் எடுத்து உலர்த்துங்கள்.

கேள்வி: அக்டோபர் 2 அன்று வேலைக்கு வரச் சொல்கிறார்கள். கூடுதல் சம்பளம் உண்டா?
– கடை ஊழியர், கோவை

பதில்: உண்டு. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறை நாட்கள்) சட்டம், 1958 ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக்குகிறது. பண்டிகை நாட்கள் ஐந்து தனி. அன்று வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. தர மறுத்தால், வருகைப் பதிவின் நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி: நைந்துபோன கொடியை என்ன செய்வது?
– நூலகர், திருநெல்வேலி

பதில்: பழைய துணியோடு சேர்க்கவோ, துடைக்கப் பயன்படுத்தவோ கூடாது. ஆளரவமில்லாத இடத்தில், முழுக்கொடியாகவே, மரியாதையுடன் எரித்துவிட வேண்டும். குழந்தைகள் அசைத்த காகிதக் கொடிகளுக்கும் இதே கவனம் தேவை. விழா முடிந்ததும் வாசலில் ஒரு பெட்டி வைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டால் எதுவும் தெருவில் மிதிபடாது.

நல்ல நிலையில் உள்ள கொடியைப் பத்திரப்படுத்த: கிடையாக விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடியுங்கள். பிறகு வெள்ளைப் பகுதியை இருபுறமிருந்தும் மடித்தால் அசோகச் சக்கரமும், காவி, பச்சையின் ஓரமும் மட்டும் மேலே தெரியும். உள்ளங்கைகளில் ஏந்திச் சென்று, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.