கல்லூரி நூலகராக இருக்கும் மகள் டெபுடி லைப்ரரியன் ஆக முடியுமா?

அன்புள்ள ஐயா,

கடிதம் கிடைத்தது. மகள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக நூலகர். நூலக அறிவியல் முதுகலையான எம்.லிப். முடித்தவர், 2017இல் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர், பகுதிநேரமாகச் செய்த பி.எச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறார். சம்பளம் தொகுப்பூதியமாக 38,000 ரூபாய். ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் டெபுடி லைப்ரரியன் (துணை நூலகர்) விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "இதெல்லாம் நமக்குக் கிடைக்குமா? ஆள் தெரிய வேண்டாமா? இருக்கிற வேலையும் போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முப்பத்தாறு வயது மகளுக்காக அப்பா கடிதம் எழுதுவது நம் ஊரில் அதிசயமில்லை. ஆனாலும் அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும். இதில் பாதிக்கு மேல் அவருக்குத்தான்.

முதலில் விதி. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி டெபுடி லைப்ரரியனுக்கு நூலக அறிவியல் முதுகலையில் 55 விழுக்காடு, பி.எச்.டி., உதவி நூலகராகவோ கல்லூரி நூலகராகவோ 8 ஆண்டு அனுபவம் வேண்டும். அதோடு, புதுமையான நூலகச் சேவைகள் செய்ததற்கும் நூலகத்தில் கணினித் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்ததற்கும் சான்று காட்ட வேண்டும். பல்கலைக்கழக நூலகர் பதவிக்கும் இதே தகுதிகள்தான். அனுபவம் மட்டும் 10 ஆண்டு. டெபுடிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,31,400, நூலகருக்கு 1,44,200. 2025 ஜனவரியில் புதிய விதிகளுக்கான வரைவு ஒன்றையும் யு.ஜி.சி. வெளியிட்டது. அதனால் ஒவ்வொரு விளம்பரத்திலும் எந்த ஆண்டு விதிப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று குறிப்பிட்டிருப்பதை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

பதினோரு ஆண்டு இருக்கிறது, எட்டுதானே கேட்கிறார்கள், அப்புறம் என்ன தயக்கம் என்று தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். நாம் வேலை பார்த்த ஆண்டுகள் வேறு, அவர்கள் கணக்கில் ஏறும் ஆண்டுகள் வேறு.

அதே ஒழுங்குமுறையில் 10ஆவது பிரிவு முந்தைய பணிக்காலத்தைக் கணக்கில் எடுப்பது பற்றியது. தனியார் கல்லூரி, அரசுக் கல்லூரி என்ற பாகுபாடு கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதுவரை நல்ல சேதி. ஆனால் வகித்த பதவிக்கு யு.ஜி.சி. சொல்லும் தகுதி இருந்திருக்க வேண்டும், முறையான தேர்வுக் குழு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும், சம்பள விகிதமும் அந்தப் பதவிக்குச் சமமாக இருந்திருக்க வேண்டும். தற்காலிகப் பணி, ஒப்பந்தப் பணி என்றால், வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தரமாக நியமிக்கப்பட்டவரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. இந்தப் பிரிவு ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியது போலத் தெரிந்தாலும், விண்ணப்பங்களைச் சலிக்கிறவர்கள் நூலகர்களையும் இதே படியால்தான் அளக்கிறார்கள்.

உதவி நூலகரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. அகவிலைப்படி தனி. உங்கள் மகள் வாங்குவது 38,000. 2017க்கு முந்தைய ஆண்டுகளில், அந்தப் பதவிக்கு யு.ஜி.சி. கேட்கும் நெட் கையில் இல்லை. அவற்றை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியுள்ள ஆண்டுகளையும் சம்பளத்தைக் காட்டிக் கழித்துவிட வாய்ப்பு அதிகம். கசப்பாக இருக்கும். விண்ணப்பம் போட்டு, ஆறு மாதம் காத்திருந்து, "தகுதியற்றோர்" பட்டியலில் பெயரைப் பார்ப்பதைவிட இன்றே தெரிந்துகொள்வது மேல்.

இதைச் சொன்னதும் யாராவது ஒருவர் கல்லூரியில் பேசிச் சம்பளத்தைக் கூட்டிப் போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்பார். வேண்டாம். என்னிடம் வந்த ஒருவர் அப்படி ஒன்று வாங்கிக்கொண்டு நேர்காணல் வரை போனார். வருமான வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16ஐயும் வங்கிக் கணக்கையும் கேட்டார்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே வந்துவிட்டார். அந்த இடத்தில் இனி அவர் விண்ணப்பிக்கவும் முடியாது.

அப்படியானால் வழி? இரண்டு உண்டு. முதலாவது, இப்போதே கல்லூரி அலுவலகத்தில் ஒரு விவரமான அனுபவச் சான்றிதழ் கேட்பது. பதவிப் பெயர், சேர்ந்த தேதி, தேர்வுக் குழு கூடிய விவரம், பல்கலைக்கழக அங்கீகார ஆணை எண், ஆண்டுவாரியாகச் சம்பளம், முழுநேரப் பணியா என்பது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். "நன்னடத்தையுடன் பணியாற்றினார்" என்ற இரண்டு வரிக் காகிதம் செல்லாது. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்த விளம்பரத்துக்குப் போடலாம், எதற்குப் போட வேண்டாம் என்று முடிவு செய்ய முடியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் சம்பள விஷயத்தில் பெரும்பாலும் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. அங்கே நேரடியாகத் தலைமைப் பொறுப்புக்கே முயலலாம்.

இரண்டாவது வழியைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. மத்தியப் பல்கலைக்கழகத்திலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ நிரந்தர அடிமட்டப் பதவிக்குப் போவது. "கல்லூரிக்கே நூலகராக இருந்தவள், உதவி நூலகராகவா?" என்று உங்கள் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அங்கே சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் சந்தேகமில்லாமல் கணக்கில் ஏறும். பி.எச்.டி. இருப்பவருக்குப் பணியில் இருந்தபடியே வரும் பணி மேம்பாட்டில் 4, 5, 3 ஆண்டுகள் என்று மூன்று படிகளாக, பன்னிரண்டு ஆண்டில் டெபுடி லைப்ரரியனின் சம்பள நிலை வரும். நடுவில் எட்டு ஆண்டு முடிந்ததுமே வெளியே நேரடித் தேர்வுக்கும் போடலாம். என் கணிப்பில் உங்கள் மகளுக்கு இதுதான் நேர்வழி. பெயர்ப்பலகையில் எழுத்து சிறிதாகும், அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. டெபுடி பதவிக்கு "ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டேன்" என்பது போதாது. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் பட்டம் கிடைத்திருக்க வேண்டும், குறைந்தது தற்காலிகச் சான்றிதழாவது. வழிகாட்டியிடம் கொஞ்சம் நச்சரித்தாலும் பரவாயில்லை.

இனி நான் அதிகம் பேச விரும்புவது அந்த "புதுமையான சேவைகளுக்கான சான்று" பற்றி. பி.எச்.டி., நெட் எல்லோரிடமும் இருக்கும். விண்ணப்பங்களுக்குள் வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான். ஆனால் பலர் இங்கே கருத்தரங்குச் சான்றிதழ்களை அடுக்கி வைக்கிறார்கள். அதில் சேவையும் இல்லை, புதுமையும் இல்லை.

கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறது என்று மகள் இரவு பத்து மணி வரை கல்லூரியில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? நாக் அறிக்கையில் 4.2 என்று நூலகத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. நூலகம் எந்த மென்பொருளில் இயங்குகிறது, மின்னிதழ்கள் என்னென்ன, ஐந்தாண்டுகளில் நூலும் இதழும் வாங்கச் செலவழித்தது எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு நூலகத்தை மாற்றியிருந்தால், அதற்கு முன் நூல் வழங்கல் எத்தனை, பின் எத்தனை என்று இரண்டே எண்களில் சொல்லலாம். கேள்வித்தாள் தொகுப்பை டிஸ்பேஸ் என்ற மின் சேமிப்பக மென்பொருளில் ஏற்றியிருந்தால் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். தனி ஆளாக இருந்து மாணவர்களைப் பழக்கி மாலை நேரத்தில் நூலகத்தைத் திறந்து வைத்திருந்தால், ஆள் நிர்வாகம் பற்றிய கேள்விக்கு அதுவே பதில். இவற்றை நான்கு பக்கத்தில், தேதியோடும் முதல்வர் கையொப்பத்தோடும் இப்போதே தொகுத்து வைக்கட்டும். வேலையை விட்டபின் இந்தக் கையொப்பங்களை வாங்குவது குதிரைக்கொம்பு.

நேர்காணலுக்கு வருவோம். தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தர் தலைவர். பாட வல்லுநர்களில் ஒருவர் பணியில் உள்ள நூலகராக இருக்க வேண்டும் என்பது விதி. துணைவேந்தர் பெரிய படத்தைக் கேட்பார், நூலகர் நட்டு போல்ட்டைக் கேட்பார்.

இப்போது எல்லா மேசையிலும் கிடப்பது "ஒரே நாடு ஒரே சந்தா", அதாவது ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் 6,300 நிறுவனங்களுக்கு. காந்திநகரில் உள்ள, யு.ஜி.சி.யின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிளிப்நெட் ஒருங்கிணைக்கிறது. இதழ் வாங்குவதுதான் பல்கலைக்கழக நூலகங்களின் பெரிய செலவும் பெரிய தலைவலியும். அந்த வேலையில் பெரும்பகுதி டெல்லிக்குப் போய்விட்டால் நூலகத் தலைவர் என்ன செய்வார்? மிச்சமாகும் பணத்தைத் தமிழ் நூல்களுக்கும் பழைய ஆவணங்களைக் காப்பதற்கும் திருப்பிவிடுவாரா, பட்டியலில் சேராத பதிப்பகங்களை என்ன செய்வார், வந்த இதழ்களை ஆய்வாளர்கள் உண்மையில் படிக்கிறார்களா என்று எப்படி அறிவார்? இதற்கெல்லாம் உங்கள் மகளுக்கென்று ஒரு கருத்து இருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளுக்கு இந்தத் திட்டம் இன்னும் வரவில்லை, ஆகவே கைப்பழக்கம் இராது. அருகிலுள்ள அரசுக் கல்லூரி நூலகரிடம் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும்.

நட்டு போல்ட்டுக்கு ஒரு எடுத்துக்காட்டு. "ஆண்டுச் சரிபார்ப்பில் புத்தகங்கள் குறைகின்றன, என்ன செய்வீர்கள்?" என்பது நேர்காணல்களில் பழம்பெரும் கேள்வி. "போலீசில் புகார் கொடுப்பேன்" என்று ஆரம்பித்தால் போச்சு. 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளின்படி, ஓராண்டில் வழங்கிய அல்லது படிக்க எடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து குறைவது இயல்பான இழப்பு, அதில் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதவரை. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், விலை எதுவானாலும் அரிய நூலும் காணாமல் போனால் விசாரித்தே ஆக வேண்டும். ஐம்பதாயிரம் நூல்களுக்கு மேல் உள்ள நூலகத்தில் மாதிரிச் சரிபார்ப்பு போதும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது. இதை அமைதியாகச் சொல்கிறவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றும்.

விளம்பரங்களை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எம்ப்ளாய்மெண்ட் நியூஸ் வார இதழ், பிறகு அந்தந்த நிறுவனத்தின் இணையதளம். டெல்டாவை விட்டு நகர விருப்பமில்லை என்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி., திருச்சி ஐ.ஐ.எம். ஆகிய மூன்றின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது போதும். கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் காந்திகிராமம், புதுச்சேரி. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. போன்றவை தங்கள் சொந்த விதிகளின்படி எடுப்பவை; வயது வரம்பைத் தனியாகப் பாருங்கள். இணையத்தில் விண்ணப்பித்தபின் அச்சுப்படியைத் தபாலில் கேட்பவர்களும் உண்டு. அதை மறந்து வாய்ப்பை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. மத்திய நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவில்) வராதவர் என்ற சான்றிதழ் வேண்டும். மணமான பெண்ணாக இருந்தாலும் பெற்றோரின் நிலையைத்தான் பார்ப்பார்கள், கணவருடையதை அல்ல. ஆகவே தாலுகா அலுவலகத்துக்கு உங்கள் காகிதங்கள்தான் போக வேண்டும். இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

ஆள் தெரிய வேண்டுமா என்றால், எல்லா இடமும் ஒரே மாதிரி சுத்தம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் "முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்டு வருகிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை கிடைத்தால் தன்னால் என்பார், கிடைக்காவிட்டால் போனை எடுக்க மாட்டார்.

மகளுக்கு ஒரு தயக்கம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், "நான் சின்னக் கல்லூரியில் தனி ஆளாகவே இருந்தவள்" என்று. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக எடுத்தது மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனை. நூலகப் பயிற்சி எதுவும் அவருக்கு அப்போது கிடையாது. வேலையில் சேர்ந்த பிறகுதான் லண்டனுக்குப் போய்ப் படித்தார். சேர்ந்த புதிதில் வேலை அலுத்துப்போய் வகுப்புக்கே திரும்பிவிடப் பார்த்தவர் அவர். இன்றைய விதிப்படி அவர் விண்ணப்பம் முதல் சலிப்பிலேயே விழுந்திருக்கும், அது வேறு கதை.

இருக்கிற வேலையை இப்போது விட வேண்டியதில்லை. நியமன ஆணை கைக்கு வந்தபின் அறிவிப்புக் காலம் கொடுத்து விலகினால் போதும். ஊர் மாறுவது, பிள்ளைகளின் பள்ளி இதெல்லாம் அவரும் மருமகனும் பேசி முடிக்கட்டும். அனுபவச் சான்றிதழ் வந்ததும், அதில் ஆண்டுவாரிச் சம்பளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவரையே.