கம்பெனி ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து டர்போ காரில் மாட்டலாமா?

மாட்டாதீர்கள். டர்போ வைத்து 7000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7000 சுற்று) வரை ஓட்டப்போகும் எஞ்சினில், காருடன் வந்த வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே, அதாவது எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் இடையே சுழலும் கனமான சக்கரத்தையே, கடைந்து எடை குறைத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

சுழலும் சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் இழுவிசை, வேகத்தின் இருமடியாக வளர்கிறது. 5000 சுற்றில் இருந்ததைவிட 7000 சுற்றில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. எடை குறைந்தால் இழுவிசையும் குறையுமே என்று தோன்றலாம்; ஆனால் அதைத் தாங்கவேண்டிய இரும்பும் கூடவே குறைந்துவிடுகிறது. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது, உடையும்போது வளைந்து எச்சரிக்கவும் செய்யாது. நான் கழற்றிப் பார்த்த ஒரு பழைய ஃப்ளைவீலில், கிளட்ச் வழுக்கிச் சூடேறிய நீலத் திட்டுகளும் அவற்றின் நடுவே மயிரிழை விரிசல்களும் இருந்தன. அதன் உரிமையாளர் கடைசி நாள் வரை அதை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

10 கிலோ எடையும் 30 செ.மீ. விட்டமும் உள்ள தட்டு 7000 சுற்றில் சுமார் 30 கிலோ ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். விளிம்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 400 கி.மீ. ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் மூடியிருக்கும் மெல்லிய அலுமினியக் கூடான பெல் ஹவுசிங், சிதறும் துண்டுகளைத் தடுக்காது. எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் காரில் துண்டுகள் பறக்கும் தளம் ஓட்டுநரின் பாதங்களுக்கு அருகே வருகிறது. குறுக்காக வைத்த எஞ்சினில் அவை பானெட்டையோ, எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டையோ நோக்கிப் போகும்.

1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்டிரிப் என்ற நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில், பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் தம் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அங்கே வெடித்தது ஃப்ளைவீல் அல்ல, கியர்பாக்ஸ்; ஆனாலும் காலடியில் சுழலும் இரும்பு சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. அடுத்த ஆண்டே அவர் எஞ்சினைத் தமக்குப் பின்னால் வைத்த வண்டியுடன் களம் இறங்கினார்.

எரிபொருளை நிறுத்தி எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். நான்காவதுக்குப் போகவேண்டிய கியர் தவறி இரண்டாவதில் விழுந்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். எரிபொருளை நிறுத்துவதால் அந்த வேகம் குறையாது.

பந்தய உதிரிபாகங்களுக்கான எஸ்எஃப்ஐ 1.1 பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற எஃகு ஃப்ளைவீலை வாங்கி, புதிய போல்ட்டுகளை உரிய டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, கிளட்ச்சுடன் சேர்த்து பேலன்ஸ் செய்யுங்கள். முடிந்தால் எஃகு பெல் ஹவுசிங்கும் போடுங்கள். உங்கள் காருக்கு அவை கிடைக்காவிட்டால், ஆர்பிஎம் வரம்பைக் கம்பெனி வைத்த இடத்துக்கே இறக்கிவிடுங்கள்.