மாரி மழைக்க நெடுந்தீவுக்குக் குதிரை பாக்கப் போகலாமோ?

போகலாம். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவுதானே, அங்க குதிரையள் ஆரிண்டயும் கட்டில்லாமல் தானா மேயுதுகள். நான் சொல்லுவன் மாரியிலதான் போகோணும். டிசம்பர் லீவுக்கு வெளிநாட்டில இருந்து வாறியள் போல, அதாலதான் கேக்கிறியள் எண்டு நினைக்கிறன். எல்லாரும் வெயிலுக்க போகச் சொல்லுவினம். கோடையில அந்தக் குதிரையளைப் பாத்தால் விலா எலும்பை எண்ணலாம், குளமெல்லாம் வத்தி வெடிச்சுக் கிடக்கும், கடும் வறட்சி எண்டால் தண்ணியில்லாமல் செத்தும் போகுதுகள். அதைப் பாக்கவோ அவ்வளவு தூரம் போறது?

நாங்கள் போனதும் டிசம்பரிலதான். யாழ்ப்பாணத்தில பஸ் ஏறேக்க தூறல், போட் ஏறுற குறிகட்டுவான் துறையில நல்ல மழை, பிறகு ஒரு மணித்தியாலக் கடல், மச்சாள் சத்தி எடுத்துக்கொண்டே வந்தவ. அங்க ஆட்டோ பிடிச்சு புல்வெளிப் பக்கம் போனால், காத்தடிக்கிற பக்கம் பின்பக்கத்தைக் குடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் அசையாமல் நிக்குது. பிடரிமயிர் கழுத்தோட ஒட்டிக்கிடக்கு, ஒரு குட்டி தாயிண்ட வயித்துக்குக் கீழ ஒண்டிக்கொண்டு நிக்குது. மழை விட்டவுடன எல்லாம் ஒரு உலுப்பு உலுப்பிப்போட்டு மேயத் தொடங்கிச்சுதுகள். வயிறு நிறைஞ்சு, புல்லுக்க நிக்கிற குதிரையள். வழியில பவளக்கல் மதிலுகளையும் பாருங்கோ, நனைஞ்சால்தான் கல்லில இருக்கிற வரியெல்லாம் வடிவாத் தெரியும்.

இது காட்டுவிலங்கே இல்லை, போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுட்டுப்போன மட்டக்குதிரைதானே எண்டு ஆரும் வருவினம், தெரியும். எத்தினை தலைமுறையா ஆரிண்ட கொட்டிலிலயும் நிக்காமல் தானா மேய்ஞ்சு தானா ஈண்டு வாழுதுகள், 2015ல அந்தப் பக்கத்தைத் தேசியப் பூங்கா எண்டு அறிவிச்சும் இருக்கு. எனக்கு அது காணும். ஆனா கடல் கொந்தளிச்சால் போட் ஓடாது, பிறகு என்னைப் பேசாதேங்கோ.

இன்னொண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்கேலாது. திரும்பி வரேக்க சுற்றுலா வந்த பெடியள் கொஞ்சப்பேர் இடிச்சுக்கொண்டு முதல் ஏறி இடம்பிடிச்சிட்டாங்கள், கையில மருந்துத் துண்டோட ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்ட ஒரு தீவு அம்மா கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடி வந்தவ. ஒருத்தனும் எழும்பேல்லை. எனக்குச் சரியான கோவம். அந்தச் சனத்துக்கு ஆஸ்பத்திரி, கந்தோர், சாமான் எல்லாத்துக்கும் அந்த போட்தான் வழி, நாங்கள் ஒருநாள் பாக்கப் போறனாங்கள். அவையை முதல் ஏற விடுங்கோ. கடைசி போட் எத்தினை மணிக்கு எண்டு இறங்கின உடன துறையிலயே கேட்டு வச்சிட்டு உள்ள போங்கோ.