“கேஸ்தான், ஒன்றுமில்லை” என்ற பிறகும் பயம் போகவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 42. திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது மாதத்துக்கு முன் என் அண்ணன் 47 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அன்று ராத்திரி நெஞ்சு கரிக்கிறது என்றார். கேஸாக இருக்கும் என்று நான்தான் சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்தேன். விடிகாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு மாதம் கழித்து எனக்குத் திடீர் திடீரென்று படபடப்பு வருகிறது. மூச்சு முட்டுகிறது, விரல்களும் உதடும் மரத்துப்போகின்றன, செத்துவிடுவேன் என்றே தோன்றுகிறது. சில நாள் ராத்திரி 2 மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது. ஐந்து தடவை ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிட்டேன். எல்லாம் நார்மல், கேஸ்தான் என்கிறார்கள். சட்டைப்பையில் நெஞ்சுவலிக்குப் போடுகிற சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருக்கிறேன். பதற்றத்துக்கென்று மெடிக்கலில் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை அவ்வப்போது பாதி போடுகிறேன். தனியாக பைக் ஓட்டுவதில்லை. அடுத்த மாதம் மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கோயம்புத்தூர் போக வேண்டும். பஸ்ஸில் போகலாமா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘கேஸ்’. அண்ணனுக்கும் அதே சொல்தான் சொல்லப்பட்டது, விடியும்போது அவர் இல்லை. இப்போது அதே சொல்லை உங்களிடம் சொல்லி, நிம்மதியாக வீட்டுக்குப் போ என்றால் எப்படிப் போவீர்கள்? டாக்டர்கள் ஆறுதலாக நினைத்துச் சொல்வது உங்கள் காதில் மிரட்டலாக விழுகிறது. இளம் வயதில் அவசரப் பிரிவில் ராத்திரி டியூட்டி பார்த்தபோது, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அசிடிட்டிக்கான ஒரு பேன்டாப்பிரசோல் மாத்திரையைச் சீட்டில் எழுதி நானும் பலரை அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலர் அதே வாரத்தில் திரும்ப வந்தார்கள். ஈசிஜியில் ஒன்றுமில்லை என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுக்கே ஒன்றுமில்லை என்று சொன்னது தவறு.

உங்களுக்கு வருவதற்குப் பெயர் உண்டு: பேனிக் அட்டாக். இது கற்பனையில்லை, உடம்பில் நிஜமாகவே நடக்கிற ஒன்று. பாம்பைக் கண்டால் உடம்பு ஓடத் தயாராகுமே, அதே ஏற்பாடு பாம்பே இல்லாமல் கிளம்பிவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்க்கிறது, வயிறு பிசைகிறது. கூடவே நீங்கள் அறியாமலே மூச்சை வேகவேகமாக வாங்குகிறீர்கள். அப்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடும். அது குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும், நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியம் குறையும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து ஊசி குத்துவது அதனால்தான். தலை கிறுகிறுப்பதும் அதே கணக்கு. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்ததாகவும், அது ஆக்சிஜன் 99 என்று காட்டியதாகவும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூச்சு முட்டும்போது 99! காற்று போதாமல் இல்லை, வேண்டியதற்கு மேல் வாங்கிவிட்டீர்கள்.

இந்தப் புயல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். அப்புறம் தானே இறங்கும், நீங்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும். இங்கேதான் சோடா பேர் வாங்கிக்கொள்கிறது. படபடவென்று வருகிறது, யாரோ சோடாவோ பெருங்காய மோரோ கொடுக்கிறார்கள், இரண்டு ஏப்பம் வருகிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. ‘பார்த்தீர்களா, கேஸ்தான்!’ உண்மையில், பயத்தில் வாயால் மூச்சு வாங்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்குகிறோம், அதுதான் ஏப்பமாக வருகிறது. அது முதலில் வந்த பயத்தின் மிச்சம்.

சரி, இது இதயம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன்? உங்கள் டிரெட்மில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒன்பது நிமிடம் ஓடியிருக்கிறீர்கள். இதயத் துடிப்பு 154 வரை போயிருக்கிறது. வலி இல்லை, ஈசிஜியில் மாற்றமும் இல்லை. ஆனால் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 128 என்று ஆக்சிமீட்டர் காட்டியதும் ஆட்டோ பிடித்து ஓடினீர்கள். ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருந்தால் பொதுவாக அது உழைக்கும்போது தெரியும், ஓய்வெடுத்தால் அடங்கும். உங்களுக்குக் கடையில் சிமெண்ட் மூட்டையை நகர்த்தும்போது ஒன்றும் வருவதில்லை, கல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறது.

ஆனாலும் சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் தைராய்டு டெஸ்ட் இல்லை, ஹீமோகுளோபினும் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும், இரண்டையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். இன்னொன்று: சுவிட்சைப் போட்டது போல ஒரே நொடியில் தொடங்கி, துடிப்பு 170, 180 என்று ஓடி, அதே மாதிரி சட்டென்று நிற்கிறதா? அப்படியென்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஈசிஜியில்தான் அது தெரியும், தேவைப்பட்டால் 24 மணி நேரமும் ஈசிஜி பதிவு செய்கிற ஹோல்டர் கருவியை உடம்பில் மாட்டிவிடுவார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. ராத்திரி 2 மணி விஷயத்துக்கு உங்கள் வீட்டம்மாவை ஒன்று கேளுங்கள்: குறட்டை பலமா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பேனிக் அட்டாக்கே தூக்கத்திலும் வரும்.

இது இன்றைக்குப் புதிதாக வந்த வியாதியும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு இதே போலப் படபடப்பும் மூச்சுத்திணறலும் வந்தன. ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் அவர்களைப் பரிசோதித்து 1871-இல் ‘எரிச்சல் கொண்ட இதயம்’ என்று எழுதினார். அவரும் முதலில் இதயத்தைத்தான் சந்தேகித்தார்.

இனி உங்கள் சட்டைப்பை. சார்பிட்ரேட் ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து, ரத்த அழுத்தத்தை இறக்கும். அழுத்தம் இறங்கியதும் இதயம் அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக அடிக்கும், தலையும் விண்விண்ணென்று வலிக்கும். படபடப்புக்கு அதைப் போட்டால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதை. ஏற்கெனவே அழுத்தம் குறைந்திருந்தால் மயங்கி விழவும் கூடும். யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்காத மருந்து அது, எடுத்துப் போட்டுவிடுங்கள்.

அல்பிரசோலம் அப்படியில்லை, போட்ட அரைமணியில் கேட்கும். கேட்பதுதான் சிக்கல். வாரக்கணக்கில் போனால் பாதி போதாமல் முழுசு ஆகும், முழுசு இரண்டாகும். விடும்போது பயம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். டாக்டர் சீட்டில்லாமல் அதைக் கொடுத்ததே தப்பு. நீங்கள் எப்போதாவதுதான் போடுகிறீர்கள், அதனால் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம். தினமும் போடுகிற வாசகர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரக்கூடும். டாக்டர் மூலம் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அட்டாக் வரும்போது வீட்டில் எல்லோரும் சேர்ந்து ‘மூச்சை நல்லா இழுத்து விடு’ என்பார்கள். பாசம்தான், ஆனால் பலன் நேர் எதிர். ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்குகிறவர் இன்னும் பெரிதாக இழுத்தால் விரல் இன்னும் மரக்கும். மூக்கு வழியாகச் சின்னதாக உள்ளே, நான்கு எண்ணும் வரை. மெதுவாக வெளியே, ஆறு எண்ணும் வரை. வயிற்றில் ஒரு கை வைத்துக்கொள்ளுங்கள், கைதான் அசைய வேண்டும், தோள் அல்ல. பேப்பர் கவரை முகத்தில் வைத்து மூச்சு விடுகிற பழைய வைத்தியம் வேண்டாம், ஒருவேளை நிஜமாகவே இதய, நுரையீரல் கோளாறாக இருந்தால் அது ஆபத்து. ஆக்சிமீட்டரையும் தொடாதீர்கள். எண்ணைப் பார்த்துப் பயந்து, அந்தப் பயத்தில் துடிப்பு இன்னும் ஏறும்.

நாள் போகப்போக அட்டாக்கை விட, அதற்குப் பயந்து நாம் ஒவ்வொன்றாக விடுவதுதான் பெரிய நஷ்டம். பைக்கை விட்டீர்கள். மாடி குடோனுக்குப் பையனை அனுப்புகிறீர்கள். அம்மா ராத்திரி விழித்துக் காவல் இருக்கிறார்கள். இதைத் திருப்பிப் போட வேண்டும். டிரெட்மில் நார்மல் என்ற தைரியத்தில் சொல்கிறேன்: தினம் ஒருமுறை குடோன் படியில் நீங்களே ஏறுங்கள், நெஞ்சு படபடக்கும் வரை. பிறகு மேலே ஒரு மூட்டையில் உட்கார்ந்து, அது தானாக இறங்குவதைக் கவனியுங்கள். படபடப்பு வந்தால் சாவு வரும் என்று உடம்பு கற்றுவைத்திருக்கிறது. வராது என்பதையும் அது பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

ஏழு மாதமாக ஓடுகிற விஷயத்துக்கு இது மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர் என்று உங்கள் தெருவில் யாராவது சொன்னால், அவர்கள் வீட்டு ஈசிஜி செலவைக் கேளுங்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகை மருந்துகள் இதற்கு நன்றாகக் கேட்கும், அல்பிரசோலம் போல அடிமையாக்காது. ஆனால் மூன்றிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். முதல் பத்து நாளில் குமட்டலும் பதற்றமும் சற்றுக் கூடலாம், அதனால்தான் சின்ன அளவில் ஆரம்பிப்பார்கள். பலர் அந்தப் பத்து நாளில் பயந்து நிறுத்திவிட்டு ‘ஒத்துக்கவில்லை’ என்று வருவார்கள். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம். சரியான பிறகும் ஆறு மாதம், ஒரு வருடம் தொடர வேண்டியிருக்கும். மருந்தோடு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சையும் கிடைத்தால் விடாதீர்கள், திரும்ப வராமல் தடுப்பதில் அது கெட்டி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போனிலேயே பேச, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

அங்கே போகும்போது படபடப்பை மட்டும் சொல்லாதீர்கள், சோடா வாங்கிக் கொடுத்ததையும் சொல்லுங்கள். இத்தனை பக்கத்தில் அண்ணனைப் பற்றி மூன்று நான்கு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதிலும் ‘நான்தான்’ என்ற சொல் அழுத்தமாக விழுந்திருக்கிறது. மாரடைப்பு நெஞ்சு கரிப்பாகவும் வயிற்று உப்புசமாகவும் வருவது சகஜம். படித்த டாக்டர்களே சில நேரம் கோட்டை விடுகிற இடம் அது. ஹார்டுவேர் கடைக்காரர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று: ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு 156. ஒரு நாளைக்கு ஐந்து சிகரெட், ஏழு டீ. அண்ணனுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்தது உங்கள் கணக்கிலும் ஏறும். எனவே இரண்டு கணக்கு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய படபடப்பு இதயத்தால் வருவதல்ல என்பது ஒரு நோட்டு. இன்னும் பத்து, இருபது வருடத்துக்கு இதயத்தைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இதுவரை முதல் நோட்டுக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்திருக்கிறீர்கள். ஆறாவது ஈசிஜி வேண்டாம். சிகரெட்டை விடுங்கள், நிகோடினே படபடப்பைத் தூண்டும். டீயை இரண்டாக்குங்கள். ரத்த அழுத்தத்தை மூன்று வேறு நாட்களில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். கொழுப்புக்கு மாத்திரை வேண்டுமா என்பதை இவற்றையெல்லாம் சேர்த்து வைத்து முடிவு செய்யலாம்.

எப்போது நிஜமாகவே ஓட வேண்டும்? நடுநெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம் வந்து, ஓய்வெடுத்தும் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் இருந்தால், அது தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால், உடம்பு சில்லென்று வியர்த்தால், உழைக்கும்போது வந்து உட்கார்ந்ததும் அடங்கினால், மயங்கி விழுந்தால். அப்போது சோடாவும் வேண்டாம், இந்தப் பதிலும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். வலி இருக்கும்போது முதல் ஈசிஜி நார்மலாக வந்தாலும் அங்கேயே இருந்து அடுத்ததையும், இதயத் தசை பாதிப்பைக் காட்டுகிற டிரோபோனின் ரத்த டெஸ்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர்? தாராளமாகப் போங்கள், பஸ்ஸிலேயே. கதவோரச் சீட்டைத் தேட வேண்டாம், மகளோடு நடுவில் உட்காருங்கள். காலையில் வெறும் வயிற்றில் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் படபடப்பு வந்தால் இறங்கிவிடாதீர்கள். மகளிடம் சொல்லிவிட்டு, ஆறு எண்ணி மூச்சை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். பழனி மலை தெரிவதற்குள் அது அடங்கியிருக்கும். ஆக்சிமீட்டர் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.