மிதவைக்கு அடியில் கட்டிய வலை – கடிதமும் பதிலும்

ஐயா,
மண்டபம் பக்கம் கடல்பாசி கொள்முதல் செய்யும் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். கொள்முதல் டன் கூட வேண்டும், பிளாஸ்டிக் பாதியாக வேண்டும், வளர்க்கும் பெண்களின் வருமானமும் ஏற வேண்டும் என்கிறது தலைமை அலுவலகம். மூன்றையும் எப்படிச் சமன் செய்வது? நிறுவனத்தின் பொறுப்பையும் நிலைத்தன்மையையும் சொல்லும் பிஆர்எஸ்ஆர் (BRSR) அறிக்கையில் எப்படி எழுதுவது?

அன்புள்ள தம்பி,

அறிக்கையை விடுங்கள். பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் செபி கட்டாயமாக்கிய படிவம் அது. கட்டம் நிரப்ப ஆள் கிடைக்கும். 'சமன்' என்ற சொல்தான் சில நாளாக உறுத்துகிறது; நீங்களும் அதையே எழுதிவிட்டீர்கள்.

லாபத்துக்கும் இயற்கைக்கும்தான் சண்டை என்று நினைக்கிறோம். உங்கள் கரையில் இரண்டு பசுமை இலக்குகளே முட்டிக்கொள்கின்றன. பாசி கட்டி வளர்க்கும் மூங்கில் மிதவைக்கு அடியில் பிளாஸ்டிக் வலை எதற்கு? பாசி தின்னும் ஓரா மீன் கடிக்காமலிருக்க, ஒடிந்த துண்டு மிதந்து போகாமலிருக்க. நீங்கள் வாங்கும் கப்பாஃபைகஸ், ஊரார் சொல்லும் பெப்சி பாசி, அதற்கு ஒடிந்த துண்டே விதை. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகளின் மேல் அது படர்ந்த கதை உங்களுக்குத் தெரியாததா? பிளாஸ்டிக்கைக் குறைக்கிறேன் என்று வலையைக் கழற்றினால் அறிக்கையில் மதிப்பெண் ஏறும், கடலில் பவளத்தைப் பாசி மூடும். இதற்கெல்லாம் சராசரி போடுவீர்களா? பவளம் பேரத்துக்கு இல்லை என்று முதல் வரியில் எழுதிவையுங்கள். வலை இருக்கட்டும். கிழிந்ததை எடை போட்டு வாங்கிய பிறகே புதியதைக் கொடுங்கள். திரும்பி வராத எடைதான் உங்கள் பிளாஸ்டிக் கணக்கு.

இனி டன். 12க்கு 12 அடி மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், நல்ல பருவத்தில் 45 நாளில் 260 கிலோ வரை வரும். அடுத்த கட்டுக்கு 60 போக மிச்சம் 200. காய்ந்தால் சுமார் 20 கிலோதான். மாதக் கடைசியில் நீங்கள் போன் போட்டு விரட்டினால் 30ஆம் நாளே அறுப்பார்கள். விதைக்கு ஒதுக்கியதும் காயப் போகும். பாசி அரைகுறையாகக் காய்ந்து, மணலோடு எடைக்கு வரும். தரமில்லை என்று விலையைக் குறைப்பதும் நீங்களேதான்! குற்றம் அந்தப் பெண்கள்மேல் இல்லை. உங்கள் ஊக்கத்தொகை டன்னில் இருக்கிறது. அதுதான் வேலை செய்கிறது, மற்றதெல்லாம் சுவரொட்டி.

தார்ப்பாயில் காய்ந்து மணல் உதறி வந்த பாசிக்குத் தனி விலை வையுங்கள். ஈரத்தை அவர்கள் கண்முன்னே, தராசுக்குப் பக்கத்திலேயே அளந்து காட்டுங்கள். சித்திரை வெயிலில் பாசி வெளுத்து உதிரும், கார்த்திகைக் காற்றில் மிதவையே உடையும். அந்த மாதங்களுக்கு டன் இலக்கு வேண்டாம்.

தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ளுமா என்பீர்கள். ஒரு பருவத்தின் கிழிந்த வலைக் கணக்கையும், 30ஆம் நாள் அறுத்த மிதவைகளின் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.