பென்னிகுவிக் என்றால் என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கம்பம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. என் தம்பியின் பெயர் பென்னிகுவிக். எங்கள் பக்கம் தண்ணீர் வரக் காரணமான பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் நினைவாகத் தாத்தா வைத்தது. ஊரில் இந்தப் பெயரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை, எங்கள் தெருவிலேயே இன்னொரு பென்னிகுவிக் உண்டு. தம்பி போன வருஷம் வேலைக்காக இங்கிலாந்து போனான். அங்கே பெயரைச் சொன்னாலே ஆச்சரியமாகப் பார்க்கிறார்களாம். "இது குடும்பப்பெயர் ஆயிற்றே, உனக்கு எப்படிச் சொந்தப் பெயராக வந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "இந்தப் பெயரில் ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை" என்று இன்னொருவர். மூன்றாமவர், "பென்னி என்றால் காசு, குக் என்றால் சமையல்காரர், கூலிக்குச் சமைத்தவர்களின் வம்சமாக இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் எல்லோருமே பென்னிகுக் என்றுதான் உச்சரிக்கிறார்களாம். தம்பிக்கு மனசு சங்கடமாகிவிட்டது. அப்பத்தாவிடம் சொன்னேன். "அர்த்தம் என்னடா அர்த்தம், தண்ணி வந்துச்சுல்ல" என்று முடித்துவிட்டார். எனக்கு அப்படி முடிக்க முடியவில்லை. இந்தப் பெயருக்கு உண்மையான பொருள் என்ன? அவ்வளவு அரிய ஆங்கிலப் பெயரா இது? இத்தனை வருஷம் நாங்கள் தப்பாகத்தான் கூப்பிட்டோமா?

– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தம்பிக்குச் சொல்லுங்கள், அந்தப் பெயரில் காசும் இல்லை, சமையல்காரரும் இல்லை. இருப்பது ஒரு குன்றும் ஒரு குயிலும்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்துக்குத் தெற்கே பதினாறு கிலோமீட்டர் போனால், வடக்கு எஸ்க் என்கிற ஆற்றின் கரையில், பென்ட்லாண்ட் மலைத்தொடருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயர்தான் உங்கள் தம்பியின் பெயர். ஊர்ப் பலகையில் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நம்மூரில் திருவாவடுதுறை, கும்பகோணம் என்று பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துக்கொள்கிறோமே, அதே பழக்கம்தான் அங்கே பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு, பிறகு ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளை பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே "பெனிகோக் ஊரைச் சேர்ந்த இன்னார்" என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். அந்த "ஊரைச் சேர்ந்த" காலப்போக்கில் உதிர்ந்தது.

சரி, ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. நீங்கள் இதை ஆங்கிலப் பெயர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலம் அந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பிருந்த மொழியின் பெயர் இது. எடின்பரோவைச் சுற்றிய பகுதியில் 7ஆம் நூற்றாண்டு வரை மக்கள் பேசியது பிரித்தோனிய மொழி, இன்றைய வெல்ஷ் மொழிக்கு நேர் மூத்த உறவு. அந்த மொழியில் 'பென்' என்றால் தலை, உச்சி, குன்று. தலைக்காவிரி என்று நாம் சொல்லும்போது தலை என்ன வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அதே வேலை. இந்தச் சொல் பிரிட்டன் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. தெற்கு வேல்ஸின் உயரமான மலைக்குப் பெயர் பென் எ வான், கார்ன்வால் முனையில் இருக்கிற ஊர் பென்சான்ஸ், அதாவது புனித முனை. நடுவில் இருக்கும் 'இ' ஓசை ஒரு சுட்டு, 'அந்த' என்பது போல. கடைசியில் வருவது 'கோக்'. வெல்ஷ் மொழியில் இன்றைக்கும் அதுதான் குயிலுக்குப் பெயர். ஆக, பென் இ கோக், குயிலின் குன்று. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேரும் அந்தப் பறவை கூவிய ஒரு மேட்டை அங்கே வாழ்ந்தவர்கள் குயில்மேடு என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தின் பழைய வடிவத்தைப் பேசிய அங்கிலர்கள் என்கிற மக்கள் வந்து மொழி மாறிய பிறகு 'பென்' என்றால் என்ன, 'கோக்' என்றால் என்ன என்று அந்த ஊரிலேயே யாருக்கும் தெரியாமல் போனது. பொருள் தெரியாத பெயரைக் காது தனக்குத் தெரிந்த சொல்லாக வளைத்துக்கொள்ளும். பென்னி என்று நாணயமும், குக் என்று சமையல்காரரும் அப்படித்தான் உள்ளே நுழைந்தார்கள். உங்கள் தம்பியின் சக ஊழியர் கேலிக்காகச் சொல்லியிருக்க மாட்டார், எழுநூறு எண்ணூறு வருஷமாக ஆங்கிலம் பேசுகிறவர்களின் காது செய்துவரும் அதே வேலையை அவரும் செய்திருக்கிறார். நாணயம் உண்மையிலேயே உள்ளே இருக்கும் குடும்பப்பெயரும் உண்டு. பென்னிஃபாதர் என்று ஒன்று, கஞ்சனுக்கு வைத்த பட்டப்பெயர். நம்முடையது அந்த வகைப் பெயர் இல்லை.

உச்சரிப்புக்கு வருகிறேன். பென்னிகுக் என்று அவர்கள் சொல்வது அந்த ஊர் வழக்கப்படி சரி. எழுத்தைப் பார்த்தால் 'குவிக்' என்று படிக்கத் தோன்றும், நம் ஆட்கள் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்து மக்களின் பழைய எழுத்து முறையில் யு, ஐ இரண்டையும் சேர்த்து எழுதினால் அது ஒரே உயிரொலி. புத்தகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அவர்கள் பி, யு, ஐ, கே என்று எழுதுவார்கள். அதே கணக்கில் 'குக்' என்பதற்கும் யு, ஐ போட்டார்கள். நமக்கு அந்தக் கணக்கைச் சொல்லித்தர யாரும் இல்லை, எழுத்துக்கு எழுத்து வாசித்தோம், பென்னிகுவிக் ஆனது. இன்னும் சிலர் பென்னிகுயிக் என்று எழுதுகிறார்கள். கடைசி எழுத்தை மட்டும் மாற்றினால் குயில் என்று வந்துவிடும்! வேர் வழியில் எந்தச் சம்பந்தமும் கிடையாது, முழுக்கத் தற்செயல். ஆனாலும் இதைக் கவனித்த அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த ஊரைப் பற்றி ஒரு பழைய வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசர் எடின்பரோ பக்கம் வேட்டைக்கு வந்தால், இந்த ஊர் நிலத்தை ஆள்பவர் ஒரு குறிப்பிட்ட பாறைமேல் அமர்ந்து கொம்பு எடுத்து மூன்று முறை ஊத வேண்டும். நிலத்துக்கு அதுதான் குத்தகை என்பது மரபுக் கதை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளார்க் என்கிற வணிகக் குடும்பம் நிலத்தை வாங்கிக்கொண்டது, அந்தக் கொம்பையும் தங்கள் குலச் சின்னத்தில் சேர்த்துக்கொண்டது. மின்காந்தக் கோட்பாட்டைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அந்தக் கிளார்க் வழிதான். ஊர் ஒருவருக்குப் போனது, ஊரின் பெயரைச் சுமந்தவர்கள் வேறு வேறு இடங்களுக்குப் போனார்கள். ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான், சொந்த ஊரில் இருக்கும்வரை அவை தேவைப்படுவதே இல்லை. கம்பத்துக்காரரைக் கம்பத்திலேயே கம்பத்துக்காரர் என்று யார் கூப்பிடுவார்கள்?

அடுத்து, அரிதா என்று கேட்டிருந்தீர்கள். அரிதுதான். ஆக்ஸ்போர்டு 2016ல் பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பெயர்களுக்கு ஒரு பெரிய அகராதி கொண்டுவந்தது, 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் ஸ்மித் என்ற ஒரே பெயருக்கு மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள். ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லர் எல்லா ஊரிலும் இருந்தார், அதனால் அந்தப் பெயர் ஆயிரம் இடங்களில் தனித்தனியாக முளைத்தது. குயில்குன்று ஒன்றே ஒன்று, அங்கிருந்து கிளம்பியவர்கள் சில குடும்பங்கள். அதோடு எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே பெயரை எழுத்தர் ஒவ்வொருவரும் தன் காதுக்குக் கேட்டபடி பதிந்ததில் அரை டஜன் வடிவங்கள் ஆகிவிட்டன. உச்சரிப்புக்கு நெருக்கமான எளிய வடிவம்தான், அதாவது 'குக்' என்று நேராக எழுதுவது, இன்றைக்கு அதிகம் காணக்கிடைக்கிறது. கர்னல் எழுதிய, யு, ஐ போட்ட சுற்றுவழி வடிவம் அதைவிட ரொம்பக் குறைவு. கணக்கெடுப்பில் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராகத்தான் எண்ணுவார்கள், அதனால் ஏற்கெனவே சிறிய குடும்பம் இன்னும் சிறியதாகத் தெரிகிறது.

சிறிய குடும்பப்பெயர்கள் ஏன் மறைகின்றன என்று கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். 1874ல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டனும், கணிதம் தெரிந்த பாதிரியார் வாட்சனும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. பெயர் தந்தை வழியாக மட்டும் இறங்கும் சமூகத்தில், ஒரு தலைமுறையில் பெண்களாகவே பிறந்தால் அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும். ஸ்மித்துக்கு ஒரு கிளை போனால் ஒன்றும் ஆகாது. பத்தே கிளை உள்ள பெயருக்கு ஒவ்வொரு கிளையும் முக்கியம்.

கர்னல் ஜான் பென்னிகுவிக் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். அப்பா படை அதிகாரி. 1849 ஜனவரி 13, பஞ்சாபில் சிலியன்வாலா போர். அப்பா அதில் இறந்தார், கூடவே 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும். நாளை எண்ணிப் பாருங்கள், ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தது. இப்போது உங்கள் பக்கம் பாலார்பட்டியில் ஜனவரி 15ல் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்களே, அந்தப் பிறந்தநாளுக்கு முன்னால் இப்படி ஒரு 13ஆம் தேதியும் இருக்கிறது. எனக்கு இது தெரிந்த பிறகு அந்தப் பொங்கல் படங்களை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. அப்புறம் அவர் வளர்ந்து, 1860ல் சென்னை மாகாணத்துக்கு வந்து, 1887ல் தொடங்கி 1895ல் பெரியாறு அணையை முடித்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு ஐந்து பெண்கள், ஒரே ஒரு பையன். அந்தப் பையன் 1899ல் பிறந்தபோது கர்னலுக்கு 58 வயது. பையனும் ஜான்தான், இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் சொத்து, அறக்கட்டளை போன்ற வழக்குகளைப் பார்க்கும் சான்சரி பிரிவின் மூத்த நீதிபதியாக உயர்ந்தார். அந்த ஒரு குழந்தை பிறக்காமல் இருந்திருந்தால், கர்னலின் கிளையில் பெயர் அவரோடேயே நின்றிருக்கும்.

இந்தப் பெயரில் இன்னொருவரையும் உங்கள் தம்பிக்கு அறிமுகப்படுத்த ஆசை. காலின் பென்னிகுவிக், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2019ல் காலமானார். வாழ்நாள் முழுக்க அவர் ஆராய்ந்தது பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதை. கிழக்கு ஆப்பிரிக்காவில் மோட்டார் பொருத்திய கிளைடரில் ஏறி, கழுகுகள் வட்டமிடும் அதே வெப்பக்காற்றில் தானும் வட்டமிட்டு, பக்கத்திலிருந்து அளந்தார். குயிலின் குன்று என்று பெயர் கொண்ட ஒருவர் பறவைகளோடு போய்ப் பறந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. அந்தக் குயிலும் இப்போது அங்கே குறைந்துவிட்டது, 2009லிருந்து பிரிட்டனில் ஆபத்தில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் அங்கே எடுக்கிற எந்தக் கணக்கிலும் வராத பென்னிகுவிக்குகள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். அங்கே அது ஆண் வழியில் மட்டும் இறங்கும் குடும்பப்பெயர், வாரிசு இல்லையென்றால் முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அது சொந்தப் பெயர் ஆகிவிட்டது, ரத்த உறவு எதுவும் தேவையில்லை. நெல் விளைந்த சந்தோஷத்தில் உங்கள் தாத்தா ஒருவர் முடிவு செய்தால் போதும், ஒரு பென்னிகுவிக் பிறந்துவிடுவார். அவர் பிள்ளைக்கு அது இனிஷியலாக இறங்கும், கடைக்குப் பெயராக ஏறும், தேனி பேருந்து நிலையத்துக்கே பெயராக இருக்கிறது. கால்டனின் கணக்கில் இந்த வழி இல்லவே இல்லை. ஒரு கிளைக்கு ஒரு பையனை நம்பி இருந்த பெயரை, அந்தக் குடும்பத்தோடு எந்தச் சொந்தமும் இல்லாத உழவர்கள் எடுத்து வளர்த்திருக்கிறார்கள். உங்கள் அப்பத்தா சொன்னதை நான் மறுக்க மாட்டேன், அவர்களுக்கு அந்தப் பெயரின் பொருள் தண்ணீர்தான். நான் சொன்னது அதற்கு முந்தின பொருள்.

ஆகவே கூப்பிடுவதை மாற்ற வேண்டாம். குக் என்பது ஸ்காட்லாந்து உச்சரிப்பு, குவிக் என்பது கம்பத்து உச்சரிப்பு, இரண்டுக்கும் பின்னால் சனங்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் என்ன எழுத்து இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள், அது மட்டும் முக்கியம்.

அப்புறம், தம்பி லீவு கிடைக்கும்போது எடின்பரோ வரை போய்வரட்டும். அங்கிருந்து அந்த ஊருக்குப் பஸ் இருக்கிறது. மே மாதம் போனால், பென்ட்லாண்ட் பக்கம் காலையில் குயில் கேட்க வாய்ப்பு உண்டு. ஊர்ப் பலகைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அப்பத்தாவிடம் காட்டினீர்களா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.